அம்பிகைபாகனின் அரை மணி நேரம்

முன்வரிசையில் நடுவே மன்றத் தலைவர் நவமணி, மடியில் பேட்டரி போட்ட டேப் ரெக்கார்டருடன். அவருக்கு வலப்பக்கம் செயலாளர் தேவதாஸ், இடப்பக்கம் லெட்சுமி. இவர்கள் இருவரும் அன்றைய போட்டியாளர்கள். பின்னால் மூன்று வரிசைகளில் உறுப்பினர்கள் பதினொரு பேர். ஜன்னலோரம் ஒரு தகர மேசை. அதன்மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள், ஒரு வெண்கல மணி, ஒரு மேசை விசிறி. மேசைக்குப் பின்னால் நேரம் பார்க்கும் சரோஜினி. எதிர்ச் சுவரில் வினாடி முள் ஓடும் மின்சாரக் கடிகாரம். சரோஜினிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி.

"அதில் யாரு?" என்று கேட்டார் ஜக்கரியா, தட்டச்சு இயந்திரத்திலிருந்து விரலை எடுக்காமல்.

"ஒருத்தரும் இல்ல, பாய்" என்றாள் சரோஜினி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஆனா, அப்பா இருந்தவர் எண்டு சிலபேர் சொல்லினம்."

ஜக்கரியா 'காலி' என்று தட்டினார்.

கோலசிலாங்கூர் தபால் நிலையத்துக்கு எதிரே, கடைவீதி வராந்தாவில், மேசை போட்டு மனு எழுதுபவர் ஜக்கரியா. நில மனு, பிறப்புப் பத்திர மனு, மகனுக்குத் திட்டுக் கடிதம், மருமகனுக்குக் கெஞ்சல் கடிதம் எல்லாம் அவர் கையால் போகும். முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்று ஒரு தாளில் அடித்துக்கொள்ளாமல் அவர் எந்த மனுவையும் தொடங்கியதில்லை. அப்படி அடித்துக்கொண்டே காணாமல் போன மாட்டையும் ஒளித்து வைத்த உயிலையும் கண்டுபிடித்துக் கொடுத்ததாக அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பிவிட்டவன் டாக்சி சோமு. சவாரி இல்லாத நேரமெல்லாம் பாயின் பெஞ்சில்தான் அவன் உட்கார்ந்திருப்பான். சரோஜினியை சுங்கை லாலாங் தோட்டத்திலிருந்து ஏற்றிவந்தவனும் அவன்தான்.

அன்று 1982 ஜனவரி 2, சனிக்கிழமை. மலேசியத் தீபகற்பம் முழுவதும் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளி வைத்து இரண்டாம் நாள். சபா, சரவாக்கோடு நமக்கும் இனி ஒரே நேரம் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. ஊரில் பாதிப் பேர் பழைய நேரத்தில் சாப்பிட்டுப் புதிய நேரத்தில் பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

"ஆரம்பத்திலிருந்து சொல்லுங்க, டீச்சர்."

சரோஜினி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவளுடைய தந்தை அம்பிகைபாகன் அந்தத் தோட்டத்தில் முப்பது வருடம் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக, இருந்தவர். பேச்சாளர் மன்றத்தைத் தொடங்கி, ஒழுங்குகளை வகுத்ததும் அவரே. போட்டிப் பேச்சுக்கு ஏழு நிமிடம். ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. அதற்கு மேல் அரை நிமிடம் சலுகை. ஏழரையைத் தாண்டினால் மணி அடிக்கும், பேச்சாளர் போட்டியிலிருந்து விலக்கப்படுவார். பேசும்போதும் கேட்கும்போதும் யாரும் மணிக்கட்டைப் பார்க்கக் கூடாது என்பதற்காக, உள்ளே நுழையும் எல்லாரும் வாசலில் ஒரு பித்தளைத் தட்டில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மண்டபத்துக்குள் ஒரே ஒரு நேரம்தான். அது சுவர்க் கடிகாரத்தின் நேரம்.

"பேப்பரில அரை மணிச் செய்தி வந்த நாள் அப்பா சிரிச்சவர். 'அரை மணியை எங்க கொண்டுபோய் ஒளிக்கப் போறாங்கள்? அது திரும்பி வரும்' எண்டவர். அதுக்குப் பிறகு ஒரு கிழமை கூட இருக்கேல்ல. நெஞ்சு வலி." அவள் கைக்குட்டையை மடித்தாள். "நேற்றுப் போட்டி. துடக்குக் கழியிறதுக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு. சாவு வீட்டுத் துடக்கோட சபைக்கு வரக்கூடாதெண்டு அம்மா அழுதவ. ஆனா நேரம் பார்க்க வேற ஆள் இல்ல. நான்தான் மூன்று மணிக்கு ரேடியோவைக் கேட்டு, கடிகாரத்தின்ர முள்ளைத் திருப்பிப் புது நேரம் வச்சனான். அப்பா உயிரோட இருக்கேக்க அந்தக் கடிகாரத்தில ஒருத்தரையும் கைவைக்க விடமாட்டார், பாய். என்னையும்தான்."

"அப்புறம்?"

"முள்ளை வச்ச கொஞ்ச நேரத்தில வெளிச்சம் மாறிட்டுது."

சோமு பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தான்.

மண்டபத்து விளக்குகள் வழக்கத்தை விட வெள்ளையாக எரிந்தன என்றாள். கூரை விசிறிகள் யாரும் திருகாமலே வேகம் பிடித்தன. நவமணியின் காகிதங்கள் பறந்தன. பிறகு மேசை மேலிருந்த வெண்கல மணி, அடிக்காமலே, வாய்க்குள் முனகுவது போல ஒரு ஒலி எழுப்பத் தொடங்கியது. அவள் கை வைத்தால் நின்றது. எடுத்தால் முனகியது. அந்த முனகலுக்கு நடுவில்தான் லெட்சுமி பேசினாள். ஏழாவது நிமிடத்தில் சரோஜினி சிவப்பு விளக்கைப் போட்டாள். அது ரத்தம் போலப் பளீரென்று ஒரு கணம் எரிந்து, வெடித்தது. பின்வரிசையில் யாரோ அலறினார்கள். லெட்சுமி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு சுதாரித்துக்கொண்டு முடித்தாள். கடிகாரத்தில் ஏழு நிமிடம் ஐம்பத்து மூன்று வினாடி.

"நான்தான் மணியை அடிச்சனான்" என்றாள் சரோஜினி. "என்ர சிநேகிதியை நானே வெளியேற்றிப்போட்டன்."

லெட்சுமி தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்பவள். மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடம் பெறுபவர்களுக்குக் கோலாலம்பூரில் வானொலிக் குரல் தேர்வு உண்டு. அதற்கு வயது வரம்பும் உண்டு. அடுத்த வருடம் லெட்சுமி அந்த வரம்பைத் தாண்டிவிடுவாள். நடுவர்களாக இருந்த உறுப்பினர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் அவளே முதல். அவள் விலக்கப்பட்டதால் தேவதாஸ் பெயர் மாநிலத்துக்குப் போகிறது. பெயர்க் கடிதத்தில் திங்கட்கிழமைத் தபால் முத்திரை விழுந்தாக வேண்டும்.

"இன்றைக்குக் காலமை மண்டபத்தைத் திறந்தன். சாவி என்னட்ட மட்டும்தான். என்ர கைக்கடிகாரத்தில சரியா எட்டு. சுவரில எட்டரை. பூட்டிக் கிடந்த மண்டபத்தில அரை மணி முந்தி நிக்குது, பாய். திரும்பி வரும் எண்டு சொன்னவர்தானே?" அவள் கைக்குட்டையைப் பிரித்தாள். "துடக்கோட வந்தனான், தொடக்கூடாததைத் தொட்டனான். அதுக்கு என்னைத் தண்டிக்கட்டும். லெட்சுமி என்ன செய்தவ?"

"பாய், இது தேவதாஸ் வேலைலா!" என்று துள்ளினான் சோமு. "அவன் ஆபீஸ் கிராணி. கள்ளச்சாவி வச்சிருப்பான். ராத்திரி பூந்து முள்ளைத் தள்ளிட்டான்."

"போட்டி முடிஞ்ச பிறகு முள்ளைத் தள்ளி அவனுக்கு என்ன லாபம்?"

சோமு யோசித்தான். "அப்ப பேய்தான்."

"நீ நேத்து எங்கே இருந்தே?"

"மண்டபத்துக்கு வெளியே. நாலு பேரைத் திருப்பி ஏத்திக்கிட்டு வரணும்ல? டாக்சிக் காடிக்குள்ள படுத்திருந்தேன். நல்லாத் தூங்கவே இல்ல, பாய். யாரோ ஓடுற மாதிரியே சத்தம். முதல்ல நடக்கிற மாதிரி, டுக் டுக்னு. அப்புறம் ஓடுற மாதிரி. எந்திரிச்சுப் பார்த்தா செம்பனை மரம்தான் நிக்குது. ஒரு ஆளும் இல்ல."

இதை அவன் முதலில் விளையாட்டாகத்தான் சொன்னான். சொல்லி முடித்தபோது பாயின் பக்கம் நெருங்கி உட்கார்ந்திருந்தான்.

ஜக்கரியா அதையும் தட்டிக்கொண்டார். "கூட்டம் கலைஞ்சப்ப என்ன மணி?"

"ஆறு" என்றாள் சரோஜினி.

"அஞ்சே முக்காலுக்கு ஒரு நிமிஷம் கம்மி" என்றான் சோமு. "நான் பன்னெண்டு மணிக்கு ரேடியோ கேட்டு வச்ச வாட்ச்."

"தட்டில இருந்து வாட்ச் எடுக்கேக்க எல்லாருக்கும் குழப்பம்தான். தலைவர்ட வாட்சில அஞ்சு பதினாலு. அவர் மாத்தேல்ல. அரை மணிக் குழப்பம் எண்டு எல்லாரும் சிரிச்சவை. அந்த ஒருக்காத்தான் நேற்றுச் சிரிச்சது."

ஜக்கரியா தட்டச்சு செய்வதை நிறுத்தினார். தாளில் எதையோ பேனாவால் கழித்துப் பார்த்தார்.

"அரை மணின்னா முப்பது நிமிஷம், டீச்சர். அஞ்சு நாப்பத்து நாலுக்கும் ஆறுக்கும் நடுவுல பதினாறு. அஞ்சு பதினாலுக்கும் ஆறுக்கும் நடுவுல நாப்பத்தாறு. இந்த ரெண்டுல எது அரை மணி?"

அவர் இரண்டு எண்களுக்கும் கீழே கோடு போட்டார்.

"நேத்து சாயங்காலம் பதினாறு. இன்னிக்குக் காலையில முப்பது. உங்க கடிகாரத்தை யாரும் தள்ளிவிடல. அது தானா நடந்து போயிருக்கு."

சோமுவுக்கு அது பேயை விட மோசமாகப் பட்டது.

*

மறுநாள் ஞாயிறு. பத்தாங் பெர்ஜுந்தை சாலையில் போய்ச் செம்மண் பாதைக்குள் இறங்கும்போது வானம் கறுத்திருந்தது. இருபுறமும் செம்பனை. பகலிலும் அடிமரங்களுக்கு நடுவே இருட்டு நின்றது. மண்டபத்து வாசலில் சரோஜினி காத்திருந்தாள்.

உள்ளே நாற்காலிகள் வெள்ளிக்கிழமை விட்டுப்போனபடியே இருந்தன. அந்த நாற்காலியும் இருந்தது. சோமு அதைச் சுற்றிக்கொண்டு போனான். சுவர்க் கடிகாரம் அப்போதும் அரை மணி முன்னால்தான் நின்றது. ஆனால் வினாடி முள் இப்போது ஜக்கரியாவின் கைக்கடிகாரத்தோடு ஒத்து ஓடியது. அவர் ஐந்து நிமிடம் அசையாமல் நின்று அதைச் சரிபார்த்தார்.

பிறகு ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைப் பார்த்தார். முள் திருப்பும் குமிழில் சரோஜினியின் விரல் பட்ட இடம் மட்டும் பளபளத்தது. மற்றபடி வருடக்கணக்கான தூசு பிசுக்காக ஒட்டியிருந்தது.

"உங்க அப்பா இந்தக் கடிகாரத்தை எத்தனை வருஷம் பார்த்துக்கிட்டார்?"

"பதினாலு."

"பதினாலு வருஷத்துல இந்தக் குமிழை ஒரு தடவையாவது தொட்ட மாதிரித் தெரியலையே. ஒரு தடவை கூடவா கடிகாரம் தப்பா ஓடல?"

சரோஜினி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். அம்பிகைபாகனின் நேரக் குறிப்பேடு. சோமு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். முத்து முத்தான எழுத்து.

'சனி. ரேடியோ நேரத்துக்கு இரண்டு நிமிடம் பின். சொன்னேன். திங்கள், சரி.'

'சனி. ஒரு நிமிடம் முன். சொன்னேன். திங்கள், சரி.'

பக்கம் பக்கமாக இப்படித்தான். 'திருப்பினேன்' என்று ஒரு வரி கூட இல்லை.

"சொன்னாராம்" என்றான் சோமு. குரல் அவனை மீறித் தாழ்ந்தது. "சொன்னா, கடிகாரம் கேட்டுக்கிச்சாமா? பாய், வாங்க போயிடுவோம்."

"யாரிடம் சொன்னார், டீச்சர்?"

"தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் தனியா நடந்து போவார். எங்க எண்டு கேட்டா, 'நேரத்தோட கதைச்சிட்டு வாறன்' எண்டு சொல்லுவார்."

அதற்குள் தேவதாஸ் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா.

"பேய் ஓட்ட மனு எழுதுறீங்களாம், பாய்? யாருக்கு முகவரி போடுவீங்க?"

"இன்னும் முடிவு பண்ணல. கிராணியாரே, உங்க ஆபீஸ்ல ஒரு மின்சாரக் கடிகாரம் இருக்குமே. நேத்துக் காலையில அது என்ன காட்டிச்சு?"

"சரியா காட்டிச்சு. புது நேரம்."

"யாரு மாத்தினா?"

"யாராவது மாத்தியிருப்பான்லா. நான் இல்ல. வெள்ளிக்கிழமை ஆபீஸ் லீவு." அவர் நெற்றியைச் சுருக்கினார். "சின்ன கிராணி நான்தான் மாத்தினேன்னு நெனச்சிருக்கான். அவன்தான்னு நான் நெனச்சேன்."

"மில்லுல? மருந்தகத்துல?"

"அங்கேயும் சரிதான். மருந்தகம் கூட லீவுதான்." தேவதாஸ் சிரிக்க முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை.

ஜக்கரியா வாசலுக்கு வந்து நின்று காதைக் கொடுத்தார். செம்பனைக்கு அப்பால் எங்கேயோ டுக், டுக், டுக் என்று ஒரு சத்தம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே வசிப்பவர்களுக்கு மூச்சு மாதிரி. இருப்பதே தெரியாது.

"சோமு, நீ கேட்ட காலடி இதுதானே?"

சோமு கேட்டான். தலையாட்டினான். "ஆனா அன்னிக்கு இது ஓடிச்சு, பாய்."

"நீ இங்கேயே இரு. நாலு மணிக்கு எல்லாரையும் அவங்கவங்க இடத்துல உக்கார வை. காலி நாற்காலியும் இருக்கட்டும்."

அவர் அந்தச் சத்தம் வந்த திசையில் நடந்தார். வெகுதூரத்தில், ஒரு தகரக் கொட்டகை வாசலில், எண்ணெய்ச் சட்டை போட்ட ஒரு வயதானவர் எழுந்து கைகூப்புவதை மட்டும் சோமு பார்த்தான்.

*

நாலு மணிக்கு மழை தொடங்கியது. நவமணி நடுவே. தேவதாஸ் வலப்பக்கம். லெட்சுமி இடப்பக்கம். அவளுடைய கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் முதுகு வளையவில்லை. பதினொரு பேரில் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். வெடித்த விளக்குக்குப் புது பல்பு மாட்டியிருந்தார்கள். எல்லாருடைய கைக்கடிகாரங்களும் இம்முறை தட்டில் அல்ல, கையில் இருந்தன. ஜக்கரியா தனியாக நடந்து வந்து மேடையோரம் நின்றார்.

"முதல்ல டேப்பைக் கேட்போம்."

நவமணி ரெக்கார்டரைப் போட்டார். முனகல் ஒலிக்கு நடுவே லெட்சுமியின் குரல் எழுந்தது.  பேச்சு முடிந்தபோது ஜக்கரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு நிமிடம் பத்து வினாடி."

"பேட்டரி எறங்கியிருந்தா டேப் கூடக் குறையக் காட்டும், பாய்" என்றார் தேவதாஸ். "இதை வச்சு மாநிலத்துக்கு எழுத முடியுமா?"

"முடியாது. அதனாலதான் டேப்பை மட்டும் நம்பி நான் வரல. இப்ப கடிகாரத்தைப் பாருங்க. உங்க கைக்கடிகாரத்தையும் பாருங்க. பத்து நிமிஷம் யாரும் பேச வேண்டாம்."

அவர் ஜன்னல் வழியே கைக்குட்டையை அசைத்தார். தூரத்தில் மழைக்குள் யாரோ கையசைத்தார்கள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சோமுவுக்கு அந்த டுக் டுக் மாறுவது கேட்டது. நடை ஓட்டமானது. விளக்குகள் மெல்ல வெளுத்தன. தலைக்கு மேல் விசிறிகள் அவசரப்பட்டன. நவமணியின் மடியிலிருந்த காகிதம் ஒன்று எழும்பி விழுந்தது. மேசை விசிறி தகர மேசையை அதிரவைக்க, வெண்கல மணி வாய்க்குள் முனகத் தொடங்கியது. பின்வரிசையில் ஒரு பெண் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். சரோஜினி காலி நாற்காலியைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கழுத்தைப் பிடித்து வைத்திருந்தாள்.

"பத்து நிமிஷம் ஆச்சு" என்றார் ஜக்கரியா. "சுவரில் எத்தனை?"

"பதினொண்ணு" என்றார் நவமணி. அவருடைய குரலே மற்றவர்களுக்கு அந்நியமாகக் கேட்டது.

கைக்குட்டை மீண்டும் அசைந்தது. ஓட்டம் நடையானது. மணி ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில், மழையில் நனைந்தபடி, எண்ணெய்ச் சட்டைக்காரர் வாசலில் வந்து நின்றார். எஞ்சின் கொட்டகை அர்ஜுனன்.

"இந்தத் தோட்டத்து மின்சாரக் கடிகாரத்துக்குச் சொந்த ஓட்டம் கிடையாது" என்றார் ஜக்கரியா. "மின்சாரம் தர்ற எஞ்சின் எப்படி ஓடுதோ, அதுவும் அப்படியே ஓடும். எஞ்சினைப் பத்துல ஒரு பங்கு கூடுதலா விரட்டினா, விளக்கு அதிகமா எரியும், விசிறி வேகமாச் சுத்தும், மணி அதிரும், பழைய பல்பு வெடிக்கும். கடிகாரமும் பத்து நிமிஷத்தைப் பதினொண்ணுன்னு சொல்லும். இப்ப கணக்கு போடுங்க. அதுல ஏழு நிமிஷம் அம்பத்து மூணு வினாடின்னா, நம்ம கைக்கடிகாரத்துல ஏழு நிமிஷம் பத்து. டேப் சொன்னதும் அதுதான். லெட்சுமி சலுகைக்குள்ளதான் முடிச்சிருக்கு."

லெட்சுமி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏன் விரட்டினார்?" என்று தேவதாஸ் எழுந்தார். "யார் சொல்லி? யாருகிட்ட காசு வாங்கிக்கிட்டு?"

"ஐயோ, காசு இல்லைங்க, கிராணியாரே!" அர்ஜுனன் பதறினார். "தொரை ஆர்டர் போட்டாருன்னு வேலை வாங்குற மண்டோர் சொன்னாரு. சனிக்கிழமை காலையில ஆள் கூப்பிடுற பெரட்டுக்குள்ள தோட்டத்துக் கடிகாரம் எல்லாம் அரை மணி முந்தி இருக்கணும்னு. கடிகாரம்னா என் வேலைதானுங்களே? பெரிய கிராணி உசிரோட இருந்தப்ப சனிக்கிழமை சனிக்கிழமை வந்து சொல்லுவாரு. 'அர்ஜுனா, ரெண்டு நிமிஷம் பின்னால'ன்னு. நான் திங்கக்கிழமைக்குள்ள எஞ்சினைக் கொஞ்சம் விரட்டிச் சரி பண்ணிருவேன். மீட்டர்ல அம்பதுல நிக்கிற முள்ளை அம்பத்தஞ்சுக்குக் கொண்டு போனா மணிக்கு ஆறு நிமிஷம் முந்தும்னு அவருதான் சாக்பீஸால சுவத்துல எழுதிக் குடுத்தாரு. இன்னும் அழிக்கல."

"அதான் அஞ்சு மணி நேரம் விரட்டினீங்களா?" என்று கேட்டான் சோமு.

"மூணு மணிக்கு மில்லு கடைசிச் செம்பனைப் பழத்தைப் பிழிஞ்சு முடிச்சுது. அப்புறம் எஞ்சினுக்குப் பாரம் இல்ல. மூணுல இருந்து எட்டு வரைக்கும். அஞ்சு தரம் ஆறு முப்பது. இந்தத் தடவை வந்து சொல்ல அவரு இல்ல. நானாப் பண்ணினேன்." அவர் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். "மண்டபத்து முள்ளை யாரும் தொடக்கூடாதுன்னு பெரிய கிராணி சொல்லிருக்காரு. தொட்டிருப்பாங்கன்னு நான் எங்கே கண்டேன்?"

"அதுதான் விஷயம்" என்றார் ஜக்கரியா. "ஆபீஸ், மில்லு, மருந்தகம் மூணுலயும் யாரும் கைவைக்கல. மூணும் சரி. இங்கே ஒரு கடிகாரத்துக்கு மட்டும் ரெண்டு தடவை அரை மணி. ஒண்ணு டீச்சர் கையால, ஒண்ணு எஞ்சினால."

 சரோஜினி முதன்முறையாகப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அது அப்பாதான்" என்றாள் மெதுவாக.

"ஒரு வகையில அவரு சொல்லிக்கொடுத்த கணக்குத்தான், டீச்சர். ஆனா தண்டிக்க வரல. அவரு விட்டுட்டுப் போன வேலையை ஒருத்தர் நேர்மையா செஞ்சிருக்காரு. நீங்களும் உங்க வேலையை நேர்மையா செஞ்சீங்க. ரெண்டு நேர்மையும் ஒரே கடிகாரத்துல மோதிக்கிச்சு."

தேவதாஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "தொரைக்கு இது தெரிஞ்சா, உத்தரவில்லாம எஞ்சினை விரட்டினதுக்கு இவரை அன்னிக்கே லயத்து வீட்டை விட்டு அனுப்பிடுவாரு" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "நடந்ததை எழுதாம லெட்சுமி பெயரை அனுப்ப முடியாது. எழுதினா இவரு போயிடுவாரு. கையெழுத்துப் போட வேண்டிய செயலாளர் நான்."

அர்ஜுனனின் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு மூணு மணிக்கு என் மேசைக்கு வாங்க" என்றார் ஜக்கரியா. "மன்ற முத்திரையை எடுத்துக்கிட்டு வாங்க. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

*

திங்கட்கிழமை மூன்றரை வரை தேவதாஸ் வரவில்லை. லெட்சுமி வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றாள். சரோஜினி எதிரே தபால் நிலையத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குப் பை கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு விழும் முத்திரையில் மறுநாள் தேதி இருக்கும்.

"அவன் வரமாட்டான், பாய்" என்றான் சோமு. "தன் பேரை அடிச்சுட்டு அடுத்தவ பேரை எவன்லா எழுதுவான்?"

மூன்று முப்பத்தெட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தேவதாஸ் தலைக்கவசத்தைக் கழற்றினார். தலைமுடி ஒட்டியிருந்தது.

"படிச்சுக் காட்டுங்க" என்றார்.

ஜக்கரியா படித்தார். 'முதல் தேதி நடந்த போட்டியில் மின்சாரத்தின் வேகம் கூடியிருந்ததால் மண்டபத்துக் கடிகாரம் பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் வீதம் முந்தியது என்பதை மூன்றாம் தேதி பன்னிரண்டு பேர் முன்னிலையில் கைக்கடிகாரங்களோடு ஒப்பிட்டு உறுதி செய்தோம். குமாரி லெட்சுமி பேசிய நேரம் ஏழு நிமிடம் பத்து வினாடி. ஆகவே எங்கள் மன்றத்தின் சார்பில் அவரே கலந்துகொள்வார்.'

"எஞ்சின் டிரைவர் பேரே இல்லையே?"

"ஏன் வேகம் கூடிச்சுன்னு அவங்க கேக்கல. கேக்காத கேள்விக்குப் பதில் எழுதுறது என் தொழில் இல்ல. இதுல பொய் ஒரு வரி இருந்தா காட்டுங்க, மாத்திடுறேன்."

தேவதாஸ் கடிதத்தை வாங்கித் தானே இன்னொரு முறை படித்தார். பிறகு லெட்சுமியைப் பார்த்தார்.

"நான் எவ்வளவு நேரம் பேசினேன் தெரியுமா உனக்கு? ஆறு நிமிஷம். அதுல ரெண்டு நிமிஷம் என்ன பேசினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. மணி முனகினதுல இருந்து அந்தக் காலி நாற்காலியையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். நீ விளக்கு வெடிச்ச பிறகும் விட்ட இடத்துல இருந்து பிடிச்சே." பேனாவைத் திறந்தார். "போய்க் கத்து. நல்லாக் கத்து."

"கத்துறதில்ல, அண்ணே, பேசுறது" என்றாள் லெட்சுமி. அழுதுகொண்டே சிரித்தாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார். சரோஜினி கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டு, பசை தடவி, ஓரத்தை விரல் நகத்தால் இரண்டு முறை அழுத்தினாள். அவள் தந்தை அப்படித்தான் ஒட்டுவார்.

சோமு வாங்கிக்கொண்டு சாலையைக் குறுக்கே ஓடினான். ஒரு லோரி ஹார்ன் அடித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தபால் நிலையத்துச் சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் உறையைப் புரட்டிப் பார்த்து, தலைக்கு மேல் இருந்த கடிகாரத்தை ஒருமுறை பார்த்து, முத்திரையை மையில் தொட்டு, ஓங்கிக் குத்தினார். நாலாம் தேதி. உறை பைக்குள் விழுந்தது. பையின் வாயைக் கயிறு இறுக்கியது.